இராயப்பர் நாற்காலி

வெண்ணாற்றுக்குத் தென்கரையில் சூசையப்பர்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊர்க் கோயிலில் பன்னிரண்டு தேக்கு நாற்காலிகள் உண்டு. வருசம் முழுக்க அவை பின்னறையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் மட்டும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக வந்து நிற்கும். இயேசு தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, அன்றைக்குச் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார்.

நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில், ‘உபயம்: அடைக்கலராஜ். அறுப்பு மிஷின் வாடகைக்குக் கிடைக்கும்’ என்று எழுதி, கீழே செல் நம்பரும் போட்டிருக்கும். நம்பர் எதற்கு என்று முன்பிருந்த ஒரு சாமியார் கேட்டபோது, “கும்புட வர்றவங்களுக்கும் வயல் இருக்குமில்லங்க சாமி” என்று பதில் சொன்னவர் அடைக்கலராஜ்.

வயது அறுபத்தொன்பது. படிப்பு மூன்றாங்கிளாஸ், அதிலும் அரைப்பரீட்சை வரைக்கும்தான். நெற்கட்டு தூக்கிய தலைக்கு இன்றைக்கு இரண்டு அறுப்பு மிஷின், ஒரு டிராக்டர், மாடிவீடு. இதை அவர் சொல்லிக் கேட்காதவர் அந்தக் கரையில் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள்கூட இறங்குவதற்குள் மாடிவீடு வரைக்கும் கேட்டிருப்பார்கள். “ஒத்த ஆளா நின்னு சம்பாரிச்சேன். இருவத்திரண்டு வருசமா மிஷின் ஓடுது. ஒருத்தருக்கு ஒரு சிராய்ப்பு உண்டா? கேட்டுப் பாருங்க” என்று முடிப்பார். அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் கேட்கிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் யாராவது டீயை ஊதிக் குடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வார்கள். அது ஏன் என்று அடைக்கலராஜுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

பன்னிரண்டு நாற்காலியில் முதல் நாற்காலி இராயப்பருடையது. பைபிளில் இப்போது பேதுரு என்று போடுகிறார்கள். ஊரில் இன்னும் இராயப்பர்தான். சீடர்களில் தலைவர், மோட்சத்தின் சாவி கையிலுள்ளவர். பதினோரு வருசமாக அந்த நாற்காலி அடைக்கலராஜுக்குத்தான். அதற்காக அவர் படும் பாடு கொஞ்சமல்ல. வியாழக்கிழமை காலையிலேயே பீர்க்கங்கூட்டால் காலைத் தேய்த்து, நகம் வெட்டி, பித்தவெடிப்பில் மெழுகு தடவி, தேங்காயெண்ணெய் போட்டு, அதன் மேல் சாக்ஸை மாட்டிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கமாட்டார். மற்ற பதினோரு பேரும் அப்படித்தான். அழுக்குக் காலைச் சாமியார் முன்னால் நீட்டுவது மரியாதை இல்லை அல்லவா? கழுவப்போகிற காலைக் கழுவிக்கொண்டு போவதுதான் ஊர் வழக்கம்.

இந்த வருசம் பெரிய வியாழனுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு அன்று, புதிதாக வந்திருந்த சாமியார் அந்தப் பன்னிரண்டு பேரையும் பூசை முடிந்ததும் தாம் தங்கியிருக்கும் பங்களாவுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கண்ணாடி போட்ட சின்னப்பையன் முகம். பேச்சு மட்டும் சின்னப்பையன் பேச்சாக இல்லை.

“போன வருசம் நான் வேற ஊர்ல இருந்தேன். பன்னெண்டு பேர் காலும் என் கைய விடச் சுத்தமா இருந்துச்சு. தண்ணி ஊத்துனா எண்ணெய்ல வழுக்கி ஓடுது. எனக்கே சிரிப்பு வந்திருச்சுங்க” என்றார். “அதனால இந்த வருசம் ஒரே ஒரு நிபந்தனை. நாற்காலில உட்கார்றவங்க வியாழக்கெழம சாயங்காலத்துக்குள்ள வேற யாராவது ஒருத்தர் காலைக் கழுவிட்டு வரணும். இந்தப் பன்னெண்டு பேருக்குள்ளயே மாத்தி மாத்திக் கழுவிக்கக் கூடாது.”

அதே யோசனையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் சட்டென்று மேலே ஃபேனைப் பார்த்தார்கள்.

“சாட்சி எதுவும் கூட்டிட்டு வரணுமா சாமி?” என்று கேட்டார் உபதேசியார் ஜோசப்ராஜ். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர். எதற்கும் ரசீது இருந்தால் நல்லது என்று நினைக்கிறவர்.

“வேணாம். நான் யாரையும் கேக்கமாட்டேன். கழுவுனவங்க உட்காருங்க. கழுவாதவங்க நாற்காலிய காலியா விட்டுருங்க. அவ்வளவுதான்.”

வெளியே வரும்போது அடைக்கலராஜ் மீசையைத் தடவிக்கொண்டார். “இதென்ன பெரிய காரியம்? ரெண்டு கால். ஒரு செம்புத் தண்ணி. நாளைக்கே முடிச்சிருவேன்.”

மறுநாள் காலை டிபன் முடிந்ததும் மனைவி ஃபிளோராவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். விசயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“என் காலையா? நீங்களா? எனக்கு என்ன, டாக்டரு ஏதாச்சும் சொல்லி அனுப்புனாரா? மறைக்காம சொல்லுங்க.”

“சே, நல்லாத்தான் இருக்க. கழுவணும்னு ஒரு ஆசை.”

“நாப்பத்திரண்டு வருசமா வராத ஆசை!” என்று ஃபிளோரா சிரித்தார். “காலு கெடக்கட்டும். முதல்ல நீங்க தின்ன தட்டைக் கழுவுங்க. அப்புறம் காலுக்கு வரலாம்.”

அடைக்கலராஜ் மேசை மேல் கிடந்த தட்டைப் பார்த்தார். சட்னி காய்ந்துகொண்டிருந்தது. தட்டைக் கழுவுவது இந்த நிபந்தனையில் சேராது என்று முடிவு செய்து வெளியே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்குப் போனார். தாளடி நெல் அறுப்பு முடிந்து மிஷின் இரண்டும் அங்கே நின்றன. டிரைவர் செந்தில்குமார் பேராவூரணிப் பக்கத்துக்காரன். மிஷினுக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். வெளியே அவன் கால்கள் இரண்டு மட்டும் நீட்டிக்கொண்டு தெரிந்தன. இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று அடைக்கலராஜ் ஒரு வாளித் தண்ணீருடன் குனிந்து ஒரு காலைப் பிடித்தார்.

உள்ளே “ஆத்தா!” என்று ஒரு சத்தம், இரும்பில் தலை இடித்த ஒரு சத்தம். செந்தில்குமார் மறுபக்கமாக வெளியே உருண்டு வந்து எழுந்து நின்றான்.

“பாம்புன்னு நெனச்சேன் முதலாளி!”

“நான்தான்டா. காலைக் காட்டு, கழுவிவிடுறேன்.”

அவன் முகம் வெளுத்தது. “என்ன தப்பு பண்ணுனேன்? டீசல் விசயமா? சத்தியமா அது நான் இல்லீங்க. வேலைய விட்டு நிறுத்துறதா இருந்தா நேரா சொல்லிருங்க, இப்படியெல்லாம் பண்ணாதீங்க.”

“டீசலா? என்ன டீசல்?”

அந்த நேரம் பார்த்து அவன் செல்லில் சேவல் கூவியது. அதுதான் அவனுடைய ரிங்டோன். மூன்று வயலுக்கு அப்பால் நின்றாலும் காதில் விழும்படி வைத்திருந்தான். “வீட்டுலேருந்து போன்” என்று சொல்லிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினவன் மத்தியானம் வரைக்கும் திரும்பவில்லை.

புதன்கிழமை பஸ் ஸ்டாப் டீக்கடை. கடைக்காரர் இராஜாங்கம் அவருடைய பால்ய சிநேகிதர். மாரியம்மன் கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிறவர். கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டும் அவருக்குத்தான் போகும். அடைக்கலராஜ் காதோரம் குனிந்து விசயத்தைச் சொன்னார்.

“பாதபூசையா? எனக்கா?” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார் இராஜாங்கம். “என்ன காரியம் ஆகணும்யா உனக்கு? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?”

“மெதுவாப் பேசுய்யா. சும்மாதான்.”

“நீ சும்மா எதையாவது பண்ணி நான் பாத்ததில்லையே அடைக்கலம்! கோயிலுக்கு நாற்காலி குடுத்த, அதுலயும் போன் நம்பர் போட்ட. என் காலைக் கழுவி, அதுல என்னத்த எழுதப் போற?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடைக்கலராஜும் சிரித்துவைத்தார். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது செருப்பு கனத்தது. மூன்று நாள், மூன்று பேர். ஒருத்தருக்கு வியாதி என்று பயம், ஒருத்தனுக்கு வேலை போகும் என்று பயம், ஒருத்தருக்கு எலெக்‌ஷன் சந்தேகம். காரணம் இல்லாமல் அவர் குனிவார் என்று நம்புவதற்கு ஊரில் ஒரு ஆள் இல்லை. வெட்கப்படாமல் யோசித்துப் பார்த்தால், காரணம் இருக்கத்தான் செய்தது. அவருக்கு வேண்டியது நாற்காலி.

அன்று சாயங்காலம் உபதேசியார் ஜோசப்ராஜ் போன் செய்தார். “நாற்காலிய துடைச்சுப் போடணும், அதான் கேக்குறேன். நீங்க கழுவியாச்சுங்களா?”

“கழுவியாச்சு” என்றார் அடைக்கலராஜ். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. பரவாயில்லை, நாளைக்குக் கழுவிவிட்டால் இது முன்கூட்டிச் சொன்னதாக ஆகிவிடும்.

வியாழக்கிழமை காலை டீக்கடையில் இராஜாங்கம் கேட்டார்: “என்னய்யா, ஆள் சிக்குச்சா?”

“அதெல்லாம் ராத்திரியே முடிஞ்சது. அடைக்கலராஜ் ஒண்ணு நெனச்சா நடக்காம போயிருக்கா?”

சாயங்காலம் நாலு மணி. ஃபிளோரா அவருடைய பட்டுக்கரை வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோயிலுக்கென்று வாங்கிய புதுத்துண்டு மடித்து வைத்திருந்தது.

“ஏங்க, யாருக்குக் கழுவுனீங்க? உபதேசியார் சம்சாரம் சொல்றா, நீங்க முடிச்சிட்டீங்களாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.”

“வீரையனுக்கு” என்றார் அடைக்கலராஜ். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, அந்தப் பேர் ஏன் வாயில் வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

ஃபிளோரா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கண் கலங்கிவிட்டது. “வீரையன் அண்ணனுக்கா? நிசமாவா?”

“நிசமாத்தான்.”

“கொக்கரக்கோ!” என்றது வாசல்.

அடைக்கலராஜ் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் மிஷின் சாவியைக் கொடுக்க வந்த செந்தில்குமார் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு நின்றான். “மன்னிச்சுக்குங்க முதலாளி, போனு” என்றான்.

அவனுக்கு என்ன தெரியும்? இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரியில், அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று இராயப்பர் மூன்று தரம் சொன்னதும், உடனே சேவல் கூவியதும், அவர் வெளியே போய் அழுததும் அவனுக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருசமாக அந்த இராயப்பர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். அடைக்கலராஜ் விரல் விட்டு எண்ணினார். உபதேசியார் ஒன்று. டீக்கடை இரண்டு. ஃபிளோரா மூன்று.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தார்.

வீரையன் வீடு வாய்க்கால் மதகு தாண்டி. இரண்டு பேருக்கும் ஒரே வயது. இருபது வயதில் இரண்டு பேரும் ஒரே களத்துக்கு நெற்கட்டு சுமந்தவர்கள். அடைக்கலராஜ் முதல் மிஷினை வாங்கியபோது கூடமாட நின்றதும் வீரையன்தான். கட்டரில் வைக்கோல் சிக்கிக்கொண்டபோது அதைக் காலால் தள்ளிவிடச் சொன்னது அடைக்கலராஜ், தள்ளியது வீரையன். இடது காலின் சுண்டுவிரல் அன்றைக்கு வயலோடு போனது. ஆஸ்பத்திரிச் செலவை அடைக்கலராஜ் கொடுத்தார். அதற்கப்புறம் இந்த இருபத்திரண்டு வருசத்தில் வீரையனை எதிரில் பார்த்தால் முகத்தைப் பார்த்துப் பேசுவார், கீழே பார்க்கமாட்டார். ‘ஒரு சிராய்ப்பு உண்டா?’ என்ற வரி எப்படியோ கதையில் வந்து ஒட்டிக்கொண்டது.

வீரையன் வாசலில் காய்ந்த உளுந்துச் செடியைப் பரப்பித் தடியால் அடித்துக்கொண்டிருந்தார். முட்டிவரைக்கும் தூசி.

“என்ன அடைக்கலம், செருப்பில்லாம? வேண்டுதலா? வேளாங்கண்ணிக்குக் கெழக்காலல்ல போகணும், இங்க வந்துட்ட.”

அடைக்கலராஜ் எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி, நிபந்தனை, மூன்று பொய், சேவல். சேவல் வந்த இடத்தில் வீரையன் தடியைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

“அப்ப உன் பொய்யை மெய்யாக்க என் காலு வேணும்.”

“ஆமா” என்றார் அடைக்கலராஜ். வேறென்ன சொல்வது?

“முடியாதுய்யா. எங்க சாமி ஒண்ணும் சொல்லாது. எங்க ஆளுங்க சும்மா விடமாட்டானுங்க. மாடிவீட்டுக்காரன் என் காலைக் கழுவுனான்னு தெரிஞ்சா சாகுறவரைக்கும் கிண்டல்தான். அதவிட, நீ இருக்கியே! கட்டு தூக்குன கதையோட இதையும் சேத்துக்குவ. இனிமே பஸ்ஸுல போறவன் எல்லாம் என் காலப் பத்திக் கேக்கணும்.”

அடைக்கலராஜ் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பூசை ஆறரைக்கு.

வீரையன் அவர் வெறுங்காலைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். “சரி, கழுவு. ஆனா ஒரு கண்டிசன். இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது. யாரு கேட்டாலும் நான் இல்லன்னுதான் சொல்லுவேன். நீயும் வாயைத் திறக்கக் கூடாது. எப்பவும்.”

“யாருகிட்டயுமா?”

“யாருகிட்டயும்.”

“ஃபிளோராகிட்ட முன்னாடியே…”

“அது நீ சொன்ன பொய். அது உன் பாடு. நடக்கப்போறது வேற.”

தன் வாழ்க்கையில் அடைக்கலராஜ் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறார். இவ்வளவு பெரிய விலையை யாரும் கேட்டதில்லை. “சரி” என்றார்.

அடிபம்பில் வாளி நிறைய அடித்துக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லில் வீரையனை உட்காரவைத்து, கீழே குந்தினார். குந்திய பிறகுதான் ஒன்று தெரிந்தது: அவருக்குக் கழுவத் தெரியவில்லை. பதினோரு வருசம் காலை நீட்டியே பழக்கம். செம்பால் தண்ணீரை மொண்டு அடித்தார்.

“மிஷின் டயரக் கழுவுற மாதிரி கழுவுறியே! மெதுவாய்யா.”

வலது காலை முடித்தார். இடது காலைக் கையில் எடுத்தார். அங்கே பார்க்காமல் கழுவ முடியாது.

“நாலு வெரல்தான்” என்றார் வீரையன். “உனக்கு வேலை கொறச்சல்.”

அடைக்கலராஜ் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. வழவழப்பான அந்தத் தழும்பின் மேல் பெருவிரலால் மெல்லத் தேய்த்தார். “வலிக்குதா?”

“இருவத்திரண்டு வருசம் கழிச்சுக் கேக்குற. வலியெல்லாம் இல்ல. மழைக்காலத்துல அந்த இல்லாத வெரல் அரிக்கும். சொறியப் போனா அங்க ஒண்ணும் இருக்காது. அது ஒரு ரோதனை.”

“நான்தான் காலால தள்ளுன்னு சொன்னேன்.”

“ஞாபகம் இருக்கா? நான் மறந்துட்டியோன்னு நெனச்சேன்.”

புதுத்துண்டால் துடைத்தார். விரலிடுக்கெல்லாம் துடைத்தார். நாலு விரலுக்கு மூன்று இடுக்கு. துடைத்து முடித்த பிறகும் காலைக் கீழே விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். வீரையனும் இழுத்துக்கொள்ளவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கோயிலில் முதல் மணி அடித்தது.

“போய்யா, உன் நாற்காலி காத்துக்கெடக்கு” என்றார் வீரையன்.

அடைக்கலராஜ் கோயிலுக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். பட்டுக்கரை வேட்டி இல்லை, சாக்ஸ் இல்லை, எண்ணெய் இல்லை. பிரசங்கம் முடிந்து கால் கழுவும் நேரம் வந்தபோது பார்த்தார்: பன்னிரண்டு நாற்காலியில் நாலு காலி. அந்த நாலு பேரும் ஜனங்களோடு பாயில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தார்கள். பொய் சொல்லாத அந்த நாலு பேரையும் பார்த்தபோது அவருக்கு முதல்முறையாக இராயப்பர் நாற்காலியில் உட்காரக் கூசியது. ஓரமாகத்தான் உட்கார்ந்தார்.

சாமியார் முழங்கால் போட்டு அவர் காலைத் தாம்பாளத்தின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். தாம்பாளம் செம்மண் குழம்பாகிவிட்டது. கணுக்காலில் இருந்து உளுந்துத்தோல் இரண்டு மிதந்து வந்தது. முன்வரிசையில் யாரோ பெண்பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். சாமியார் நிமிரவில்லை. அடைக்கலராஜுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இன்னிக்குத்தாங்க ஒருத்தர் எனக்கு வேலை வச்சிருக்காரு” என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலமே ஃபிளோரா சந்தோசம் தாங்காமல் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலைக்குள் அது டீக்கடைக்கு வந்துவிட்டது. அடைக்கலராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே, உளுந்து மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வீரையனும் வந்து சேர்ந்தார்.

“வீரையா, அடைக்கலம் உன் காலைக் கழுவுச்சாமே?” என்று கேட்டார் இராஜாங்கம்.

வீரையன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிதானமாகத் தம் காலைப் பார்த்தார். “என் காலையா? இதுவா? பாத்தா கழுவுன காலு மாதிரியா தெரியுது?”

கடை அதிர்ந்தது. “மாட்டிக்கிட்டியா!” என்று தொடையில் தட்டினார் இராஜாங்கம். “சாமியார்கிட்டயே கதை விட்டு நாற்காலில உட்கார்ந்த ஆள்யா நீ! பாவம், அந்த நாலு பேரு!”

பொய் சொன்னபோது ஊர் நம்பியது. செய்த பிறகு ஊர் சிரிக்கிறது. அடைக்கலராஜின் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது: வாளி, கல், நாலு விரல், எல்லாம். ஒரே ஒரு வார்த்தை போதும். வீரையன் டீ கிளாஸின் விளிம்புக்கு மேலே இரண்டு கண்ணையும் வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடைக்கலராஜ் டீயை ஊதிக் குடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். டீ ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

“என்னய்யா, பதிலக் காணும்? எங்க, உன் இருவத்திரண்டு வருசத்துக் கதைய ஆரம்பி. ஒருத்தருக்கு ஒரு சிராய்ப்பு…”

“அது உண்டு” என்றார் அடைக்கலராஜ். “ஒண்ணு உண்டு. வீரையனுக்கு. நான் சொல்லித்தான் ஆச்சு. அத விட்டுட்டுத்தான் இத்தன நாளா சொல்லிட்டிருந்தேன்.”

வீரையன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தம் பையிலிருந்து இரண்டு பேரின் டீக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

வீட்டில் ஃபிளோரா ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடைச் செய்தி அந்த அம்மாளுக்கும் வந்திருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை துவைக்கப் போட்ட புதுத்துண்டில் வாய்க்கால் பக்கத்துத் தூசியும் உளுந்துத்தோலும் இருந்ததை அவர் பார்த்திருந்தார். தோலை உதறிவிட்டுத் துவைத்துக் கொடியில் போட்டார். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதில் அந்த வீட்டில் அவருக்குத்தான் முன்அனுபவம்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் கறிக்குழம்பு. சாப்பிட்டு முடித்த அடைக்கலராஜ் கையைத் தட்டிலேயே கழுவாமல், தட்டோடு எழுந்தார். கொல்லையில் குழாயைத் திறந்து தேங்காய்நார் போட்டுத் தேய்த்தார். இரண்டு தரம் தேய்த்தார். பின்பக்கமும் தேய்த்தார். திரும்பினால் கதவோரம் ஃபிளோரா நின்றிருந்தார்.

“விளிம்புல இன்னும் எண்ணெய் இருக்கு” என்றார் அவர்.

மறுபடியும் தேய்த்தார்.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் இடம் பிடித்து, மீசையைத் தடவி, நாலு பேர் சேரட்டும் என்று காத்திருந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இந்தக் கரையில சம்பாரிச்சவன் ஆயிரம் பேரு இருப்பான். மாடிவீடு கட்டுனவன் இருப்பான். ஆனா தின்ன தட்டைத் தானே கழுவுறவன் எத்தன பேருய்யா இருக்கீங்க? கையத் தூக்குங்க பாப்போம்!”

அதைச் சொல்லக் கூடாதென்று யாரும் நிபந்தனை போட்டிருக்கவில்லை.